லயமும் வீடும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மரவீடு கட்டக் கற்ற வரலாறு

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் உறைவிடத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றற்கும் அப்பால் நான்காவதாக வைக்கப்பெற்ற பேறும், உழைத்துக் களைத்தவன் மாலையில் திரும்பிச் சேரும் குடிசையும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. ஆயின் மலாயாத் தோட்டங்களில் குடியேறிய தமிழர், தாம் தங்கிய இடத்தை முதலில் இச்சொல்லால் அழைத்தாரல்லர். ‘லயம்’ என்றனர், ‘லயன்’ என்றனர். வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. பின்னாளில் ‘லயத்து வீடு’ என்று சொல்லத் தலைப்பட்டபோதும், வீடு தனித்து நிற்கவில்லை. லயம் என்னும் அடை அதனோடு ஒட்டியே வந்தது. பெயர் பொருத்தமானதே. அவ்வறைகளைத் திட்டமிட்டவரும் அவரல்லர். உடைமை கொண்டவரும் அவரல்லர்.

கோலசிலாங்கூர் தொடங்கி வடக்கே தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் வரையிலும், கிழக்கே ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும் பரந்து கிடப்பது வட சிலாங்கூர். பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியுள்ளது. இப்பகுதித் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை விரித்துரைப்பர். தூணையும் கூரையையும் பற்றிப் பேசுவார் அரியர். மண்சுவர் எழுப்பத் தெரிந்து வந்த ஒரு மக்கள் கூட்டம் மரத்தால் வீடு கட்டக் கற்றது எவ்வாறு, யாரிடம் கற்றது, கற்ற கலை அவர்களுக்கு எந்த அளவு பயன்பட்டது என்னும் வினாக்கள் இன்றும் கேட்கத் தக்கவை.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் வீடு கட்டும் அறிவின்றி வந்தனர் என்று கருதிவிடலாகாது. தமிழகத்துச் சிற்றூர்களில் ஏழைக் குடியானவன் தன் வீட்டைத் தானே கட்டினான். மண்ணைக் குழைத்துக் காலால் மிதித்து, ஓரடி உயரம் சுவர் வைத்து, அது காய்ந்த பின்னர் அதன்மேல் அடுத்த படையை வைப்பது அவன் அறிந்த முறை. பனங்கைகளைச் சாய்த்து, மூங்கில் வரிச்சுகளைக் கட்டி, பனையோலையோ தென்னங்கீற்றோ வைக்கோலோ வேய்ந்தான். இவ்வளவுக்கும் அடிப்படையாக அவன் நம்பியது ஒன்றே: வெயில். படைக்குப் படை சுவரைக் காய்ச்சித் தரும் வெயில் அவன் ஊரில் இருந்தது.

சிலாங்கூர் ஆற்றின் கரையில் அந்த வெயிலை நம்ப முடியவில்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாடு இது. கடற்கரையை ஒட்டிய நிலம் களிமண். அதற்கு உள்ளே மக்கிய தழையும் வேரும் சேர்ந்த கரிச்சதுப்பு. வைத்த மண்சுவர் காய்வதற்கு முன்பே கரையும். காய்ந்தாலும் அடியிலிருந்து ஈரம் ஏறும். ஊரிற் கற்ற கட்டடக் கலை இறங்கிய மண்ணிலேயே செல்லாக்காசாயிற்று. கையறிவு இருந்தது, அதற்குரிய பொருள் இல்லை. பொருள் வேறாக இருந்தது. அதற்குரிய கையறிவு அண்டை வீட்டானிடம் இருந்தது.

அப்பொருள் யாது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். ஆற்றுமுகத்துச் சேற்றில் பக்காவ் எனப்படும் கண்டல் மரங்கள் நேராக வளரும். அவற்றின் கழிகள் முளைக்கும் பந்தற்காலுக்கும் உதவின. உப்பங்கழி ஓரங்களில் நீப்பா தழைத்திருக்கும். அதன் ஓலை இதழ்களை ஒரு நீண்ட சிம்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டு, பிரம்பு நாரால் தைத்தால் அத்தாப்பு ஆகும். சேற்றுக்குச் சற்று உள்ளே நிபோங் என்னும் பனை வகை கூட்டங் கூட்டமாக நிற்கும். உடலெங்கும் முள் கொண்ட மரம். முள்ளைச் சீவி எடுத்தால் புறவயிரம் இரும்பு போன்றது. மீனவர் கடலில் ஊன்றும் காப்புத் தூண்களுக்கு அதனையே தேர்வர். உவர்நீர் அதனை எளிதில் அரிப்பதில்லை. பிளந்து சோற்றை நீக்கினால் தரைக்குப் பரப்பும் வரிச்சாகும். உள்நாட்டுக் காடுகளில் மெராந்தி, கெம்பாஸ், கெருயிங் முதலியனவும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செங்காலும் நின்றன. செங்கால் கறையான் அஞ்சும் மரம்; வெயிலிலும் மழையிலும் தலைமுறை கடந்து நிற்கும் மரம். தமிழ்நாட்டுத் தச்சன் தேக்கைப் பற்றிப் பேசும் அதே மதிப்போடு மலாய்த் தச்சன் செங்காலைப் பற்றிப் பேசுவான்.

இத்தகைய காட்டில் முதன்முதலாகத் தோட்டம் போட வந்தவர் அனைவருமே, துரையாயினும் தொழிலாளியாயினும், பெரும்பாலும் காட்டுக் கழியாலும் அத்தாப்பாலும் ஆன குடிலிலேதான் வாழ்க்கையைத் தொடங்கினர். ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரரின் கதை இதற்குத் தக்க சான்று. 1879-இல் பிரான்சு நாட்டுப் பார்பெசியே என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், 1905-இல் கீழை நாடு வந்தார். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் சில மாதங்கள் தொழில் பயின்றார். மலாய் மொழியையும் தமிழையும் கற்கத் தொடங்கியது அங்கேதான். 1906-இல் சிலாங்கூர் ஆற்றின் அருகே ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடத்தில் குடியேறித் தம் முதல் நெடுவீட்டை எழுப்பினார். ‘பனை வீடு’ எனப் பொருள்படும் பெயரால் அவர் இல்லம் பின்னர் அறியப்பட்டது. அந்த வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசினைப் பெற்றது. அவர் தொடர்புடைய ‘தென்னமரம்’ தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. உலகச் சந்தையையே மாற்றிய ஒரு பயிர் தூய தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் தொடங்கியது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

ஃபோகோனியேவுக்குப் பனை வீடு இலக்கியமாயிற்று. காட்டு மரத்தாலான வீட்டில் வாழ்வதை அவர் விரும்பி ஏற்றார்; வேண்டியபோது விட்டுச் செல்லவும் அவரால் இயன்றது. அவர்தம் காலத்து அயற்குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழருக்கு அவ்விரண்டும் இல்லை.

தோட்டம் போடுவதற்குக் காடு அழிக்கப்பட்ட முறை இன்று எண்ணினாலும் நெஞ்சைச் சுடுவது. மேட்டுநிலச் சரிவில் நிற்கும் மரங்களையெல்லாம் பாதியளவு வெட்டி நிறுத்தி, உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதும் வெட்டிச் சாய்த்தால், அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் ஒரே முழக்கத்தோடு சாயும். சில வாரம் உலரவிட்டுத் தீ வைப்பர். நூறாண்டு வீடு தாங்கியிருக்கக் கூடிய மரங்களும் அத்தீயில் வெந்தன. எஞ்சிய கரிக்கட்டைகளுக்கு இடையே ரப்பர்க் கன்று நடப்பட்டது. காட்டை எரித்த அதே தோட்டங்கள், சில ஆண்டுகளுக்குப் பின் தொழிலாளர் குடியிருப்புக்குப் பலகையை விலைகொடுத்து வாங்கின!

அவ்வாறு எழுந்தவையே லயங்கள். முதலில் அத்தாப்புக் கூரை, பின்னர்த் தகரம். நீண்ட ஒரே கூரையின்கீழ்ப் பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள். பத்தடிக்குப் பத்தடி என்பது பரவலான அளவு. 10-க்கு 12 கிடைத்தவர் நற்பேறு பெற்றவர். முதுகோடு முதுகு ஒட்டிய இருவரிசை லயங்களில் பின்வாசல் என்பதே இல்லை. ஓரறையில் குழந்தை அழுதால் பத்தறையில் தூக்கம் கலையும். தடுப்புப் பலகை பல இடங்களில் கூரையைத் தொடுவதில்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் பேச்சு மறு குடும்பத்துக்கு மறைவானதன்று. இவற்றைக் கட்டியவர் பெரும்பாலும் குத்தகைக்கு வந்த சீனத் தச்சர். மரமறுக்கும் தொழிலும் பெரிதும் அவர் கையில் இருந்தது. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நெடுவாளால் மரத்தைப் பலகையாக்கும் காட்சி அக்காலத்தில் எங்கும் காணக்கூடியது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1901-இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியாவுக்கும் குடியிருப்பின் இடத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவரும் அவர்வழி வந்தோரும் வற்புறுத்தியதால் வடிகால் வெட்டவும், காட்டோரத்தை விட்டு விலக்கி லயம் அமைக்கவும் தோட்டங்கள் தலைப்பட்டன. தொழிலாளர் சட்டங்களும் வந்தன. தரை உயர்ந்தது, கூரை மாறியது, சாவும் குறைந்தது. இவையெல்லாம் மறுக்கவொண்ணாத நன்மைகள். எனினும் இத்திருத்தங்களுள் ஒன்றிலேனும் குடியிருப்பவனின் கை கலக்கவில்லை. வீடு என்பது அவனுக்கு வழங்கப்பட்ட கருவி. மங்கும் உளியும் வாளியும் வழங்கப்பட்டது போலவே.

இதே காலத்தில், தோட்ட எல்லைக்கு அப்பால், ரப்பர்க் கன்றுகளுக்கும் ஆற்றுக்கும் இடையே, முற்றிலும் வேறான ஒரு கட்டடக் கலை நடந்துகொண்டிருந்தது. தமிழர் அதனைக் ‘கம்பத்து வீடு’ என்றனர். மலாய் மக்களும், சாவகத்திலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் கட்டிய மரவீடுகள் அவை.

மலாய் வீடு தூண்மேல் நிற்பது. தூணை மண்ணிற் புதைப்பதில்லை, கல்லின்மேல் நிறுத்துவர். ஈரமும் கறையானும் ஏறாமைக்கு இதுவே காவல். தூணில் துளையிட்டு, அத்துளையினூடே உத்திரத்தைச் செலுத்தி, ஆப்பு அடித்து இறுக்குவர். தங்காம் என்பது இவ்விணைப்பு முறைக்கு அவர்கள் வழங்கும் பெயர். தமிழ்த் தச்சர் கழுந்தும் துளையும் என்பதும் இதுவே. ஆணி தேவையில்லை. மரம் ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். ஆணி துருப்பிடித்துத் தளரும். ஆப்போ தளர்ந்தால் ஓர் அடி கொடுத்தாற் போதும். இத்தகைய வீட்டைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். கெடா மாநிலத்துப் பழைய வீடாகிய பெங்ஙுலு அபு செமானின் இல்லம் 1990-களின் நடுவில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுக் கோலாலம்பூருக்குக் கொணர்ந்து நிறுத்தப்பட்டது இதற்குக் கண்கண்ட சான்று.

அளவிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மலாய்த் தச்சர் சாணை ஜெங்கால் என்பர். முழத்தை ஹஸ்தா என்பர். இருகை விரித்த அளவைத் தெபா என்பர். ஹஸ்தா என்பது வடமொழியின் ஹஸ்தம் என்பதை விளக்கவும் வேண்டுமோ? இல்லத்தலைவியின் கைவிரிப்பை அளவாகக் கொண்டு வீட்டின் நீள அகலத்தை வகுப்பது அவர்தம் மரபு. மனையடி சாத்திரம் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இது புதுமையன்று. நடுத்தூணை நிறுத்தும்போது அதன் தலையில் வண்ணத் துணி வைப்பதும், தமிழன் நிலை வைக்கும்போது மஞ்சளும் மாவிலையும் சேர்ப்பதும் ஒரு குடும்பத்துச் சடங்குகள் போலவே தோன்றும். கல்வி எளிதாக இறங்குவதற்கு இத்தகைய ஒப்புமைகள் பெரிதும் உதவியிருத்தல் வேண்டும்.

அக்கல்வி நடந்த இடம் எது? வகுப்பறை எதுவும் இல்லை. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்பள்ளியில் எழுத்தும் கணக்கும் சொல்லித் தரப்பட்டன. மரவேலை சொல்லித் தரும் பள்ளி லயத்தின் பின்புறத்தில் இருந்தது.

லயத்தின் முகப்பு துரையின் சட்டத்துக்கு உட்பட்டது. வண்ணம் ஒன்று, அளவு ஒன்று. பின்புறமோ அத்துணைக் கண்டிப்பாகக் கண்காணிக்கப்படவில்லை. பத்தடி அறையில் அடங்காத வாழ்க்கை அங்கே வழிந்தது. சமையலுக்கு ஒரு சாய்ப்பு; கோழிக்கு ஒரு கூடு; பசு வைத்திருந்தால் ஒரு கொட்டில்; வயதுவந்த பெண் இருந்தால் மறைவாக ஒரு குளியலறை. இவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளி தன் கையாற் கட்டினான். காட்டோரத்துக் கழி, பெட்டிப் பலகை, தட்டி விரித்த மண்ணெண்ணெய்த் தகரம், கம்பத்துக்காரரிடம் வாங்கிய அத்தாப்பு ஆகியவையே பொருள். பாராங்கத்திதான் கோடரியும் உளியும் இழைப்புளியும். முதல் சாய்ப்பு கோணும், இரண்டாவது ஒழுகும், மூன்றாவது நிற்கும். நீர் ஓடுவதற்குக் கூரைக்கு எத்துணைச் சாய்வு வேண்டும் என்பதை ஒழுகும் கூரையைக் காட்டிலும் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லை.

மற்றொரு வகுப்பு பந்தல். தோட்டத்தில் திருமணம் என்றாலும் திருவிழா என்றாலும் இழவு என்றாலும் பந்தல் எழும். அதனைக் கூலிக்குப் போடுவதில்லை. இளைஞர் கூடிப் போடுவர். முதியவர் ஒருவர் கயிற்றில் 3 முழம், 4 முழம், 5 முழம் என்று முடிச்சிட்டு முக்கோணமாக இழுத்து மூலையைச் சதுரமாக்குவார். பள்ளியில் பைதாகரசு என்பவரின் தேற்றத்தைப் படிக்கும் வாய்ப்பே பெறாதவர் அவர். ஒருவன் குழி தோண்டுவான். ஒருவன் கால் நிறுத்துவான். மற்றொருவன் விலகி நின்று நேர் பார்ப்பான். எவரும் எவருக்கும் விளக்கவுரை கூறுவதில்லை. செய்கையைக் கண்டு செய்கையால் கற்பதே முறை. மூன்று திருவிழாக்களில் கயிறு பிடித்தவன் நான்காவதில் பரண் ஏறினான்.

தோட்டந்தோறும் எழுந்த மாரியம்மன் கோயில்களும் முதலில் இவ்வாறு உருவானவையே. மரத்தடியில் ஒரு கல், கல்லுக்கு அத்தாப்பு நிழல், நிழலுக்குப் பலகைச் சுவர், பிறகு தகரக்கூரை என்று படிப்படியாக வளர்ந்த அவை தோட்ட மக்களின் கட்டடத் திறத்துக்குப் பொதுவாழ்வில் எஞ்சிய அடையாளங்கள். தமக்கென வீடு கட்ட நிலமில்லாதவர்கள் தம் தெய்வத்துக்கு வீடு கட்டினர். பல தமிழ்ப்பள்ளிகளின் முதற் கொட்டகையும் பெற்றோரின் உழைப்பையே சார்ந்திருந்தது.

ஈண்டு ஒரு முரணைக் குறித்தல் தகும். கண்ணுக்கெட்டிய தொலைவும் மரங்களுக்கு நடுவே வாழ்ந்த இம்மக்களுக்கு அம்மரங்களால் ஒரு தூண்கூட நாட்ட இயலவில்லை. ரப்பர் மரம் மாவும் இனிப்பும் நிறைந்தது. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரித்துப் பூசணம் பற்றும். அடுத்து வண்டு துளைக்கும். பலகை பொடியாக உதிரும். பாலெடுத்து முடிந்த மரம் அடுப்புக்கும் புகைவீட்டுக்கும் விறகாயிற்று. கெப்போங் வன ஆய்வு நிலையம் முதலியவற்றின் ஆய்வுகளால், அறுத்த உடனே போரான் உப்பேற்றி உலர்த்தினால் இம்மரம் நிலைக்கும் என்பது உறுதிப்பட்டு, 1980-களில் அது நாற்காலியாகவும் மேசையாகவும் கடல் கடந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் வெறுமையாகத் தொடங்கிய காலமும் அதுவே.

கற்றதற்கெல்லாம் கொடியதொரு தேர்வு 1942-இல் வந்தது. சயாம் - பர்மா ரயில்பாதை அமைக்க மலாயாவிலிருந்து 75,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சிலாங்கூர்த் தோட்டங்களும் ஆட்களை இழந்தன. பான்போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஒரு சிலவற்றைத் தவிர யாவும் மரப்பாலங்கள். காட்டில் மரத்தை வெட்டி, பட்டை உரித்து, யானையாலும் மனிதத் தோளாலும் இழுத்து வந்து, ஆற்றுப் படுகையில் செங்குத்தாக நிறுத்தி, கயிற்றில் தொங்கும் பெருங்கட்டையைப் பலர் சேர்ந்து இழுத்து விட்டு விட்டு அறைந்து முளையாக இறக்கினர். தங்குவதற்குரிய கொட்டகைகளையும் மூங்கிலாலும் ஓலையாலும் அவர்களே கட்டிக்கொண்டனர். பல முகாம்களில் கூரை வேய்வதற்குள் மழை வந்தது. மழையோடு வாந்திபேதி வந்தது. 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. மலாயாத் தொழிலாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மேல் மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவல் இத்துயரைத் தமிழில் நிலைநிறுத்தியுள்ளது. உருட்டுமரத்தை நிறுத்தவும் பிணைக்கவும் தோட்டத் தமிழன் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்ட இடம் அந்தச் சாக்காடு என்பதை எழுதும்போது எழுத்தும் தயங்கும்.

மீண்டு வந்தோர்க்கு அமைதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு மனையும் சிறிது உதவித்தொகையும் கொடுத்து வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளச் செய்தனர். தோட்டத் தமிழரோ முள்வேலியிட்ட லயங்களுக்குள் ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டனர். இரண்டுமே வன்பெயர்ப்பு, இரண்டிலும் துன்பம் மிகுதி. ஆயினும் ஒரு வேறுபாடு பின்வரும் ஆண்டுகளில் பெரிதாயிற்று. புதுக்கிராமத்தான் தன் பலகை வீட்டை அறை சேர்த்து, கடை சேர்த்து, சுவர் மாற்றி வளர்த்தான். லயத்தான் வேலிக்குள் வந்தபோதும் அதே பத்தடி அறையில் இருந்தான். வேலி அகன்றபோதும் அதிலேயே இருந்தான். கட்டத் தெரியாமையால் அன்று. கட்டினால் தன்னுடையது ஆகாமையால்.

மேலை நாடுகளின் நிலைமையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். பின்லாந்து, உருசியா, கனடா போன்ற குளிர்நாடுகளில் உருட்டுமரங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் செய்து பூட்டி வீடு கட்டுவர். கீழ்மரத்தின் வளைவை ஒரு கவராயத்தால் மேல்மரத்தில் வரைந்து, அவ்வளவே செதுக்கி, நீரும் காற்றும் புகாதவாறு பொருத்துவது அக்கலையின் நுட்பம். மலாயாவின் மழையில் படுக்கை மரம் நீரைத் தேக்கி உளுக்கும். ஆகவே இங்கே மரம் தூணாக நின்றது. இயந்திர அறுவையும் தொழிற்சாலை வீடும் பெருகியதால் அங்கும் அக்கலை மங்கியது. 1970-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துப் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் ஆலன் மெக்கி என்பவர் உருட்டுமர வீடு கட்டும் பள்ளி ஒன்றை நடத்தினார். கற்க வந்தவர் கோடரியும் உளியும் ஏந்தி, கூடி ஒரு வீட்டை எழுப்பியே தேர்ச்சி பெற்றனர். அவ்வழி வந்த பயிற்சிகள் பல நாடுகளில் இன்றும் நிகழ்கின்றன. அங்கே கற்பவர் கட்டணம் செலுத்திக் கற்கின்றார். கற்றதைக் கொண்டுபோய்த் தம் நிலத்தில் வீடு கட்டுகின்றார். தோட்டத்தான் கட்டணமின்றிக் கற்றான். கொண்டுபோய்க் கட்டுவதற்கு இடம் இல்லை.

இடமின்மை எத்தகைய இடர் என்பது 1950-களில் வெளிப்பட்டது. வெள்ளையர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர் துண்டாடி விற்றனர். வேலை போனவுடன் அறையும் போயிற்று. துண்டாடலின் விளைவுகளை ஆராய்ந்த பேராசிரியர் உங்கு அஜீஸின் அறிக்கை 1960-களின் முற்பகுதியில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டி 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. கூரையைப் பற்றியன்றி மண்ணைப் பற்றி முதலிற் சிந்தித்த பெருமுயற்சி அது. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்த அளவுத் தரங்களை வரையறுக்கும் சட்டம் பிறந்தது. 1990-இல் விரிவானதொரு சட்டம் அதனிடத்தைக் கொண்டது. நீள்லயங்கள் குறைந்து, செங்கல்லும் பலகையும் கலந்த இரட்டை வீடுகள் எழுந்தன. அறைகள் கூடின; குழாய்நீரும் மின்விளக்கும் வந்தன. உடைமை மட்டும் வரவில்லை.

1980-களிலிருந்து செம்பனையும் நகர்ப்பெருக்கமும் தோட்டங்களைக் கலைத்தன. வெளியேறியவர் பலர் நகர ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினர். கால் நிறுத்தவும் தகரம் அடிக்கவும் ஆள் தேட வேண்டியதில்லை; லயத்துப் பின்புறத்தில் கற்ற தொழில் அங்கே கைகொடுத்தது. ஒரு வாரத்தில் எழுந்த அவ்வீடுகள், அரசின் புல்டோசர் வந்தபோது ஒரு காலையில் வீழ்ந்தன.

பெஸ்தாரி ஜெயாவைச் சூழ்ந்த பகுதியில் மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்னும் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், சொந்த வீடு வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முறையிட்டு வந்தனர். தோட்டம் கைமாறிற்று, பயிர் மாறிற்று, முறையிட்டவருட் சிலர் முடிவு காணாமலே மறைந்தனர். அவர்தம் குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2023-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயாவில் தொடங்கி வைக்கப்பெற்றது.